டுரின் மாணவியின் கடிதம்: மீன் பில்லும், ‘அண்ணன்’ தரும் ரேட்டும்

கோவைப் பக்கத்திலிருந்து சென்ற செப்டம்பரில் இத்தாலியின் டுரின் நகருக்கு முதுகலை படிக்கப் போன 24 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அப்பா அனுப்பியிருக்கிறார். மாதாமாதம் இஎம்ஐ ஓடுகிறது. பியட்மான்ட் மாநிலத்தின் ‘எடிசு’ உதவித்தொகை கிடைத்ததால் இப்போது கொஞ்சம் மூச்சுவிட முடிகிறதாம்.

கடிதத்தில் பாதி, பணம் போன கதைகள். மிலான் மால்பென்சா விமான நிலையத்தில் 20,000 ரூபாயை மாற்றியபோது கையில் வந்தது 140 யூரோ சொச்சம். ஏடிஎம் ‘ரூபாயில் கணக்கிடட்டுமா’ என்று கேட்டதும் ஆமாம் என்று அழுத்தியிருக்கிறார். தோழிகள் நால்வராக லிகூரியா கடற்கரைக்குப் போய்ச் சாப்பிட்டதில், மெனுவில் 6.50 என்று போட்டிருந்த மீனுக்கு பில்லில் 71.50 யூரோ. மொத்தம் 131.50. ஒரு பாரில் (இத்தாலியில் காபிக் கடைக்கும் அதுதான் பெயர்) காபிக்கு கார்டு வாங்க மறுத்துவிட்டார்கள். புகையிலைக் கடையில் 16 யூரோ முத்திரை வில்லைக்கும் அதே பதில். அக்டோபரில் வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு பிப்ரவரியில் நின்றுபோக, பில் இல்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். நிறம் பிடிக்காத ஜாக்கெட்டையும் திருப்பி எடுக்கவில்லை. “நம்ம தோலைப் பார்த்துத்தான் ஏமாத்துறாங்களா மேடம்? சண்டை போடலாமா, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொன்று. திருப்பூரைச் சேர்ந்த சீனியர் அண்ணன் ஒருவர் பேங்க்கைவிட நல்ல ரேட்டில் பணம் மாற்றித் தருகிறாராம். போன அக்டோபரில் அப்பா அங்கே யாரோ ஒருவர் கணக்கில் 50,000 ரூபாய் போட, அண்ணன் இங்கே யூரோவை ரொக்கமாகக் கையில் கொடுத்திருக்கிறார். இப்போது உதவித்தொகையிலிருந்து 1,500 யூரோவை அண்ணனிடம் கொடுத்தால், அவருடைய ஆட்கள் அப்பா கணக்கில் ரூபாயைப் போட்டுவிடுவார்களாம். “எல்லோரும் செய்கிறார்கள், நம்பிக்கையான ஆள். செய்யலாம்தானே?”

அன்புள்ள சகோதரிக்கு,

ஏமாந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிய பலவற்றில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. விலை சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது, உங்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நியாயம் உங்கள் பக்கம் இருந்த இரண்டு இடங்களில் நீங்கள் பேசாமல் வந்துவிட்டீர்கள். ஆபத்தே இல்லை என்று நினைத்துக் கடைசியில் எழுதியதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 1,500 யூரோவைக் கொடுக்காதீர்கள்

அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். பிரச்சினை அவருடைய குணத்தில் இல்லை. அப்பா கணக்கில் விழப்போகும் ரூபாய் யாருடையது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் எல்லை தாண்டிப் பணம் எதுவும் போவதில்லை. இங்கே உங்கள் யூரோ ஒருவர் கைக்குப் போகிறது, அங்கே வேறொருவருடைய ரூபாய் அப்பாவுக்கு வருகிறது. நம் ஊரில் உண்டியல் என்றும் ஹவாலா என்றும் சொல்வது இதைத்தான். வாட்ஸ்அப் குழுவில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று பெயர் வைத்துக்கொண்டாலும் சரக்கு அதேதான்.

அந்த ரூபாய் ஒரு ஆன்லைன் மோசடியில் யாரோ பறிகொடுத்த பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்வார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போயிற்றோ அவற்றையெல்லாம் முடக்கச் சொல்லி சைபர் கிரைம் போலீஸ் வங்கிகளுக்கு எழுதும். அப்பாவின் கணக்கும் அந்த வரிசையில் வரும். இஎம்ஐ போகும் கணக்கும் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு அப்பா அலைய வேண்டியிருக்கும். “மகளின் சீனியர் அனுப்பியது” என்று சொன்னால், எதற்காக, யார் மூலமாக என்று அடுத்த கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னாலும் சிக்கல்தான். வெளிநாட்டில் வசிப்பவர் சொல்லி, அங்கீகாரம் பெற்ற வங்கியோ நிறுவனமோ இல்லாமல் இந்தியாவில் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டத்தின் 3-வது பிரிவு தடை செய்கிறது. தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. இத்தாலியிலும் அனுமதியில்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் செய்வது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அந்த வழக்கு முதலில் அண்ணன் மேல்தான் பாயும். ஆனால் அவருடைய போனில் உங்கள் பெயரும் இருக்குமே! தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாணவிக்கு இது வேண்டாத வம்பு.

அக்டோபரில் நடந்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை, சிறு தொகை. ஆனால் அப்பா யார் கணக்கில் போட்டார், எந்தத் தேதி என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுடனான செய்திகளை அழிக்காதீர்கள். பின்னால் யாராவது கேட்டால் நீங்கள் காட்டக்கூடியது அதுதான்.

ஊருக்குப் பணம் அனுப்ப நேர்வழி சிரமமானதல்ல. இத்தாலியில் கணக்குத் திறந்ததும் அதிலிருந்து வங்கி வழியாகவோ, உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் செயலி வழியாகவோ அப்பாவின் கணக்குக்கு அனுப்புங்கள். மகள் அனுப்பும் பணத்துக்கு அப்பா வருமான வரி கட்ட வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் ரொக்கமாகக் கட்டி அனுப்புவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே 1,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த வரம்புக்காகத் தொகையைத் துண்டு துண்டாக்கிக் கட்டுவதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

ரேட்டை ஒப்பிட ஒரே ஒரு கேள்வி போதும்: 500 யூரோ கொடுத்தால், எல்லாக் கட்டணமும் போக, அப்பா கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? ‘கமிஷன் இல்லை’, ‘கட்டணம் இல்லை’ என்பதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அண்ணனுக்கும் நேர்வழிக்கும் நடுவே யூரோவுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால், 1,500 யூரோவுக்கு 3,000 ரூபாய். அதற்காக வீட்டுக் கடன் கணக்கைப் பணயம் வைப்பீர்களா?

அப்பா உங்களுக்கு அனுப்புவதும் இப்படியே இருக்கட்டும்: அவருடைய வங்கியிலிருந்து நேராக உங்கள் ஐபானுக்கு, அதாவது இத்தாலியக் கணக்கு எண்ணுக்கு. நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அதில் டிசிஎஸ் எனும் முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. அதைத் தாண்டிப் பிடித்தாலும் அப்பாவின் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு. அனுமதியைப் புதுப்பிக்கும்போது செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். வங்கி வழியாக வந்த பணத்தைக் காட்டலாம். அண்ணன் கையில் கொடுத்த நோட்டை எப்படிக் காட்டுவீர்கள்?

உங்களுக்குக் கணக்குத் திறக்க ஒரு வங்கிக் கிளையில் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் ‘கோன்தோ தி பாஸே’ எனும் அடிப்படைக் கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அந்தப் பெயரைச் சொல்லியே விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். குடும்ப வருமானக் குறியீடான ‘இசே’ 11,600 யூரோவுக்குக் கீழே இருந்தால் அந்தக் கணக்குக்குக் கட்டணமும் இல்லை. உதவித்தொகைக்காக உங்கள் குடும்ப வருமானத்தை ஏற்கெனவே கணக்கிட்டிருப்பார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள், வங்கிக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள்.

விமான நிலையமும் ஏடிஎம்மும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. இந்தியாவுக்கு வெளியே ரூபாயை விரும்பி வாங்குவோர் குறைவு; அதனால் கவுன்ட்டர்கள் வாங்கும் விலையை அடிமட்டத்தில் வைக்கின்றன. ரேட் பலகையில் எழுதியிருந்தால் அது சட்டப்படி சரியே, பணம் திரும்பாது. அடுத்த முறை ஊரிலேயே யூரோ நோட்டாக வாங்கி வாருங்கள்.

ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் உரிமையாளர் வைப்பார், அதில் அவர் பங்கும் இருக்கும். யூரோ என்றால் உங்கள் வங்கியின் விகிதம். அதுவும் சும்மா இல்லை. இந்திய டெபிட் கார்டுகளில் 3 சதவீதத்துக்கு மேல்கூடப் பிடிப்பது சகஜம். இத்தாலியக் கணக்கும் அட்டையும் வந்த பிறகு ஊர்க் கார்டை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் பில்

மெனுவில் 6.50 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘அல்லெத்தோ’ என்றோ, எச்ஜி என்ற இரண்டு எழுத்தோ இருந்திருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். முழு மீன், பெரிய இறைச்சித் துண்டு இவற்றுக்கெல்லாம் 100 கிராம் விலையைப் போடுவது இங்கே பழைய வழக்கம். எடையும் சமைப்பதற்கு முன் பார்த்த எடைதான். 71.50 யூரோ என்றால் உங்கள் மீன் 1 கிலோ 100 கிராம். நால்வருக்கு நடுவே வைத்தது என்று நீங்களே எழுதியிருப்பதால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. மிலான்காரர்களும் கடற்கரை ஊருக்குப் போனால் மீனை அடுப்பில் ஏற்றுமுன் எடையைக் கேட்பார்கள். “குவான்தோ பேஸா?” என்று நீங்களும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆளுக்கு 3 யூரோ போட்ட ‘கொபெர்த்தோ’ நீங்கள் நினைப்பதுபோல வெளிநாட்டவருக்கான வரி அல்ல. மேசை விரிப்பு, ரொட்டி, தட்டு, கரண்டிக்கு என்று உட்காரும் எல்லோரிடமும் வாங்குவது. மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்தாக வேண்டும், ரொட்டியைத் தொடாவிட்டாலும்தான். எழுதாமல் பில்லில் சேர்த்தால் நீக்கச் சொல்லலாம். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொபெர்த்தோவைத் தடுத்தது. அங்கே பல உணவகங்களின் பில்லில் அந்த இடத்தில் ‘பானே’, அதாவது ரொட்டி, என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. டிப்ஸ் கட்டாயமில்லை. ‘செர்விட்ஸியோ’, அதாவது சேவைக் கட்டணம், என்று ஏற்கெனவே போட்டிருந்தால் அதற்கு மேல் வைக்கவே வேண்டாம்.

தண்ணீருக்குக் காசா என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். உணவகத்தில் பாட்டில் தண்ணீர்தான் தருவார்கள், அதற்கு விலை உண்டு. வெளியே வந்தால் உங்கள் டுரின் நகர் முழுக்கக் காளைத் தலை வைத்த பச்சைக் குழாய்கள், ‘தோரெத்’, இரவு பகலாக நல்ல தண்ணீரை இலவசமாக ஊற்றிக்கொண்டிருக்கின்றன. பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. பியாட்ஸா சான் கார்லோ போன்ற சதுக்கங்களில் அந்த வித்தியாசம் மலைக்க வைக்கும். இரண்டு விலையும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

வேறு தோழிகள் மூவர் சைவம் என்றதால் ஒரு எச்சரிக்கை. ‘கார்னே (இறைச்சி) வேண்டாம்’ என்றால் மாட்டிறைச்சி போன்றவை வராது. பொடிப்பொடியாக நறுக்கிய ஹாம் வந்துவிடலாம், அதை இறைச்சியாகக் கருதாத சமையற்காரர்கள் உண்டு. சூப்பிலும் ரிசொத்தோ எனும் சோற்று உணவிலும் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேரும். சில ரொட்டிகளில், பியதீனா எனும் தட்டை ரொட்டியில், பன்றிக் கொழுப்பான ‘ஸ்த்ரூத்தோ’ இருக்கும். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் கட்டாயம் உண்டு. இதை எந்த அளவுக்குப் பார்ப்பது என்பது அவரவர் விருப்பம். தினசரிச் சாப்பாட்டுக்கு எடிசு உணவுக்கூடமும், காய்கறிக்கு போர்த்தா பலாட்ஸோ சந்தையும் இருக்கும்போது உணவகத்தை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாமே. சந்தையில் ஒன்று: தக்காளியை நாமே அழுத்திப் பார்த்துப் பொறுக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். தொட்டால் முகம் கடுக்கும். அதையும் நிறவெறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உள்ளூர்ப் பாட்டிகளும் அதே திட்டு வாங்குவார்கள்.

நிறவெறியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்கு ஒரு மெனு, உங்களுக்கு விலை கூடிய மெனு என்றாலோ, இடம் இருந்தும் உட்காரவிடாமல் அனுப்பினாலோ அது சட்டவிரோதம். அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகமான ‘உனார்’ 800 90 10 10 என்ற எண்ணில் புகார் வாங்குகிறது. அந்த எண்ணை அந்த நாளுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வாங்க மறுத்த இருவர்

பார்க்காரர் செய்தது தவறு. ‘10 யூரோவுக்குக் கீழே கார்டு இல்லை’ என்ற அட்டையைப் பல இடங்களில் பார்க்கலாம். சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. எத்தனை சிறிய தொகையானாலும் மறுத்தால் 30 யூரோ அபராதம், அதோடு பில் தொகையில் 4 சதவீதம் என்று 2022 ஜூன் 30 முதல் நடைமுறை. உங்கள் இரண்டரை யூரோ காபிக்கும் குரோசான்ட்டுக்கும் அவர் 30 யூரோ 10 சென்ட் கட்ட வேண்டியவர். இயந்திரம் உண்மையிலேயே பழுது என்றால் மட்டும் விலக்கு. கார்டு என்பதற்காகக் கூடுதல் காசு கேட்பதும் கூடாது. இதற்காக நிதிக் காவல்துறையை 117-இல் அழைக்கலாம். காபிக்காக நானாக இருந்தால் அழைக்க மாட்டேன். அட்டையைச் சுட்டிக்காட்டி, சட்டம் அப்படி இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பாருக்குப் போவேன்.

புகையிலைக் கடைக்காரர் செய்தது சரி. தங்கும் அனுமதி விண்ணப்பத்தில் ஒட்டும் 16 யூரோ முத்திரை வில்லை, சிகரெட், தபால் தலை இவற்றுக்குக் கார்டு வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அந்தக் கடைகளுக்கு 2022 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மட்டும் பையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் கடையைவிட்டு வெளியே வந்தால் போலீஸ் அபராதம் போடும் என்று சீனியர்கள் பயமுறுத்தியதும் பழங்கதை. வாடிக்கையாளருக்கான அந்த அபராதத்தை 2003-இலேயே எடுத்துவிட்டார்கள். பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. தெருவில் விரித்துவைத்து விற்கும் போலி பிராண்ட் பைகளை வாங்கினால்தான் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை. தோழி வாங்கப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், சொல்லிவிடுங்கள்.

ஜாக்கெட் போனது, அடுப்பு போகவில்லை

கடையில் நேரில் பார்த்து வாங்கிய, குறையில்லாத பொருளை மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்கும் கட்டாயம் கடைக்குக் கிடையாது. எடுப்பவர்கள் தங்கள் விருப்பத்துக்கு எடுக்கிறார்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் 14 நாள் உரிமை இருந்திருக்கும். ஆகவே ஜாக்கெட்டை விட்டுவிடுங்கள், அல்லது அடுத்த குளிரில் யாருக்காவது விற்றுவிடுங்கள்.

அடுப்பு வேறு கதை. புதிய பொருளுக்கு விற்றவர் இரண்டு ஆண்டு பொறுப்பு. ‘கம்பெனியிடம் போங்கள்’ என்று சொல்லி அவர் நழுவ முடியாது. கம்பெனி கொடுக்கும் வாரன்ட்டி தனி, இது தனி. முதல் ஓராண்டுக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கீழே போட்டு உடைத்தீர்கள் என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இலவசமாகப் பழுது பார்த்துத் தர வேண்டும், இல்லையென்றால் மாற்றித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம்.

பில் தொலைந்ததால் உரிமை தொலையவில்லை. நீங்கள் கார்டில் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தேதி, கடை, 79 யூரோ மூன்றும் இருக்கும் வங்கிக் கணக்கு வரி ஒன்றே நல்ல சான்று. இனி வாங்கும் பொருளின் பில்லை அன்றே போனில் படம் எடுத்துவையுங்கள்; அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும்.

கடைக்கு மறுபடி போய் வாய்ச்சண்டை வேண்டாம், உங்கள் இத்தாலிய மொழி இன்னும் அதற்குப் பழகவில்லை. எழுத்தில் அனுப்புங்கள்: ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், இங்கே ‘ரக்கொமன்தாத்தா’. வாங்கிய தேதி, பழுதான தேதி, கணக்கு வரியின் நகல், நுகர்வோர் சட்டத் தொகுப்பின்படி பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள் கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம், 15 நாள் அவகாசம். இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். பெரும்பாலும் இதிலேயே குரல் இறங்கிவிடும். பதிலே வராவிட்டால் ஃபெதெர்கொன்சுமாதோரி, அதிகோன்சும் போன்ற நுகர்வோர் சங்கங்களின் கிளை டுரினில் எதுவோ அதற்குப் போங்கள். சிறு உறுப்பினர் கட்டணம் கேட்கலாம். அடுத்த கடிதத்தை அவர்களே எழுதுவார்கள்.

பிப்ரவரியில் நின்ற அடுப்பு என்பதால் காலக்கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள். அண்ணனிடம் மட்டும் இன்றே, ‘அப்பா பேங்க் வழியா அனுப்பச் சொல்லிட்டார்’ என்று சொல்லிவிடுங்கள். அப்பா பெயரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு வற்புறுத்த மாட்டார்கள்.